மூச்சை மிச்சம் பிடித்த வேலுச்சாமி அண்ணாச்சி

ஸ்கூபா டைவிங்கில் துணைக்கு இறங்குகிறவனின் தொழில், இன்னொருவர் வாயிலிருந்து குமிழி வருகிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டே இருப்பது. காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, இல்லாத பிரேக்கை மிதிக்கும் உறவினரோடு கொடைக்கானல் ஏறியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

நான் கோவில்பட்டிக்காரன். தூத்துக்குடியில் ஒரு சிறிய டைவிங் பள்ளியில் வேலை. கடல் உயிரியல் படித்த மகா என்ற பெண் எங்களிடம் டைவிங் பழகினாள். அந்தமானில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. கழுகுமலைப் பக்கம் மிளகாயும் உளுந்தும் போடுகிற அவள் அப்பா வேலுச்சாமி அண்ணாச்சியோ, தானே ஒரு தடவை கடலுக்குள் இறங்கிப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வேன் என்றுவிட்டார். மகா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணே, அவிய பயந்துட்டா நான் வீட்டுலதான் கெடக்கணும். பாத்துக்கோங்க."

சாக்குக்குள் சிலிண்டர்

முதல் பயிற்சி தன் கிணற்றில்தான் நடக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் நிபந்தனை. பழகாத தண்ணீரில் அவர் காலை வைக்க மாட்டார். பள்ளியின் வேன் பழுதாகிக் கிடந்ததால், இரண்டு சிலிண்டர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

எட்டயபுரம் தாண்டியதும் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார். சமையல் கேஸ் இல்லை, வெறும் காற்று என்று விளக்கினேன். நம்பவில்லை. வால்வை லேசாகத் திறந்து காட்டினேன். அந்தச் சீறலில் முன் இருக்கைக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்த காற்றாலையைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். "ஏந் தம்பி, கோவில்பட்டிக்கு யாராவது காத்தைச் சொமந்துட்டுப் போவாகளா?"

கிணற்றுப் படியில்

அண்ணாச்சி நல்ல நீச்சல்காரர். என் பயமே அதுதான். கரிசல்காட்டுக் கிணறுகளில் நீந்தப் பழகியவர்களுக்குத் தலை தண்ணீருக்குள் போனதும் மூச்சு தானாக நின்றுவிடும். மூச்சு முட்டும்வரை உள்ளே இருப்பார்கள். முட்டியதும் தரையை உதைத்து ஒரே பாய்ச்சலில் மேலே வருவார்கள். கிணற்றில் அது வித்தை. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அதுவே எமன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இதை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார்.

உட்கார்ந்தால் தலை முங்குகிற படியில் இருவரும் உட்கார்ந்தோம். அவரிடமிருந்து குமிழி வரவில்லை. சைகை காட்டினேன். அப்போதும் வரவில்லை. முதுகில் சிலிண்டர் நிறையக் காற்று இருக்க, மனிதர் கண்ணை விரித்தபடி கல்லாக உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் அவர் வாயில் இருந்த, சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டரின் பொத்தானை அழுத்திக் காற்றை உள்ளே தள்ளினேன். இருமலும் குமிழியுமாக எழுந்தார். ஏன் மூச்சு விடவில்லை என்று கேட்டேன். "சிலிண்டர்ல இருக்கது இருக்கட்டும் தம்பி, அவசரத்துக்கு ஆகும்."

லாபம், ரெண்டு, மூணு

சொல்லித் திருத்த முடியாது என்று தெரிந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யவே முடியாத காரியம் ஒன்று வேண்டும். களத்தில் தானியம் அளக்கிறவர்கள் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்வதில்லை. 'லாபம்' என்று ராகமாக இழுத்துவிட்டு, அப்புறம் ரெண்டு, மூணு என்று போவார்கள். ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டே தொண்டையால் அப்படி எண்ணச் சொன்னேன். சத்தம் வந்தால் மூச்சும் வந்தாக வேண்டும்.

அண்ணாச்சிக்கு இது பிடித்துப்போயிற்று. இருபது மரக்கால் அளந்த பிறகுதான் தலையை வெளியே எடுத்தார். கிணற்றுமேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் சொன்னார்: "வயித்துவலி வந்த மாடு மாதிரில்லா இருக்கு சத்தம்."

ஐந்து மீட்டரில்

மறு வாரம் கடல். மகா படகிலேயே இருந்துகொண்டாள். நாங்கள் நங்கூரக் கயிற்றைப் பிடித்து, எண்ணிக்கொண்டே இறங்கினோம். ஐந்து மீட்டரில் மணல் தட்டியது. நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு மீன்கூட்டம் திரும்பி, நேராக அவர் முகத்துக்கு வந்தது. அண்ணாச்சி கையை வீச, அது அவர் முகக்கண்ணாடியிலேயே பட்டது. கண்ணாடிக்குள் பாதிவரை உப்புத்தண்ணீர். முனகல் நின்றது. குமிழி நின்றது. முழங்கால் இரண்டையும் மடக்கினார். கிணற்றுத் தரையை உதைக்கப் போகிற மடக்கல்.

அவர் தோளை இறுக்கிப் பிடித்துக் கீழே இழுத்தேன். என் கண்ணாடி அவர் கண்ணாடியில் முட்ட, நானே தொண்டையால் 'லாபம்' என்றேன். ரெண்டு. குமிழி இல்லை. மூணு. இல்லை. நாலாவதில் ஒரு முனகலும் பெரிய வெள்ளைக் குமிழியும் வந்தன. அதற்குப் பிறகு தோளை விடாமல், இருவரும் சேர்ந்து எண்ணிக்கொண்டே, கயிற்றோடு அங்குலம் அங்குலமாக மேலே வந்தோம்.

படகில் மகா துண்டை நீட்டினாள். அண்ணாச்சி காதுத் தண்ணீரைத் தட்டி எடுத்தார். ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். அந்தமான் போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"அங்கன நீ தனியாவா இறங்குவ?" என்றார் மகளிடம்.

"இல்லப்பா. எப்பவும் கூட ஒரு ஆள் உண்டு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தன் தோளைத் தடவிக்கொண்டார். "போயிட்டு வாட்டி. ஆனா கூட இறங்குதவன் தைரியசாலின்னா வேண்டாம்னு சொல்லிரு. இந்தத் தம்பிய மாதிரி பயந்தாங்கொள்ளியாப் பாத்துக்கோ. தோளு கன்னிப்போச்சு, விட்டானா பாரு."

பயந்தவரைப் பத்திரமாக மேலே கொண்டுவருவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்குப் பயந்த ஆள் யார் என்பதில் மட்டும் அண்ணாச்சிக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.