இரண்டை அமுக்கினால் வரும் அம்மா

பள்ளிகளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் கொடுத்துப் பழையதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நாமக்கல் பயிற்சி வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் சொன்னதும் நோட்டை மூடிவிட்டேன். அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். "உங்க மலைக்கும் இந்த வாரமே லாரி வருதாமுங்க." சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன்.

கொல்லிமலையில் நான் டீச்சராக இருந்த பள்ளியின் கம்ப்யூட்டரில் நான் எழுதிய கதை ஒன்று இருந்தது. பலாப்பழம் சுமந்து சந்தைக்குப் போகும் பெண் பனிமூட்டத்தில் வழி தவறிவிடுவாள். பாதை பிரியும் இடத்தில் கதை நின்று கேட்கும்: மேலே ஏற ஒன்றை அமுக்கு, கீழே இறங்க இரண்டை அமுக்கு. அமுக்குவதைப் பொறுத்துக் கதை மாறும். சந்தைக்குப் போக ஒரே வழிதான். மற்றவை கரடி, அருவி, பேய் என்று பிள்ளைகள் சொல்லி நான் சேர்த்தவை. அவர்களுக்கு அவைதான் பிடிக்கும்.

அதில் ஒரு வழி, மலைமேலேயே பெரக்கரை நாடு என்ற ஊர்ப்பக்கத்துச் சிறுமி ஒருத்தியுடையது. அம்மாவை இழந்தவள், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஒருநாள் திரையைப் பார்த்தபடி, "கீழ போனா அங்க எங்கம்மா நிக்கிதுங்க டீச்சர்" என்றாள். அம்மா என்ன சொல்வாள் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை மாற்றாமல் அடித்து வைத்தேன். அதன்பிறகு மதியம் சாப்பிட்ட ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்து இரண்டை அமுக்குவாள்.

நகல் எடுத்து வைத்த பிளாப்பியில் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் போனால் எல்லாம் போச்சு. பஸ் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. வளைவுகளில் எதிரே இறங்கிய லாரிகளையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதுதான் இருப்பதாகத் தோன்றியது.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பழையது போய்விட்டிருந்தது. அறிவியல் சார் சிரித்தபடி வந்தார். "பயப்படாதீங்க டீச்சர், உங்க கதைய காப்பாத்திட்டேனுங்க." பழைய எழுத்து புதியதில் வெறும் கட்டங்களாகத் தெரிந்ததாம். லாரி வருவதற்குள் மனுஷர் உட்கார்ந்து முழுக்கத் திரும்ப அடித்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்பான வழியெல்லாம் எடுத்துட்டேனுங்க. பிள்ளைங்க கொழம்பிப் போயிருமில்லீங்களா?"

காலமெல்லாம் விடைத்தாள் திருத்திய கை. இதையும் திருத்திவிட்டது. தங்கமான மனிதர்தான், ஆனால் அந்த நிமிடம் அவரை அறைந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. பழையதைத் திரும்ப வாங்க முடியாதா என்றேன். எல்லாவற்றையும் அழித்துத்தான் கொடுக்கச் சொன்னார்களாம்.

மணி அடித்தது. சிறுமி வந்து உட்கார்ந்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டை அமுக்கினாள்.

'தவறான விடை. மீண்டும் முயற்சி செய்க.'

"தப்பா அமுக்கிட்டேனுங்களா டீச்சர்?"

"இல்ல கண்ணு." நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா என்ன சொன்னாங்கன்னு இன்னொருக்கா சொல்லு. இப்பவே எழுதிடலாம்."

அவள் திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, நின்றது.

"மறந்துபோச்சுங்க டீச்சர். நீங்கதான் எழுதி வெச்சுட்டீங்களேன்னு நா ஞாபகம் வெச்சுக்கலீங்க."