கெளுத்தி குடித்த தண்ணீர்

ஆரணியில் ஜீவானந்தத்தைத் தெரியாத நெசவாளி கிடையாது. பிடித்தவர்களும் அவ்வளவாகக் கிடையாது. பட்டுக்கடை ஒன்றில் முப்பத்தோரு வருஷமாகத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பட்டு நூலை எடைபோட்டு நெசவாளியிடம் கொடுப்பதும், நெய்து வந்த புடவையையும் மிச்ச நூலையும் மறுபடி எடைபோட்டு வாங்குவதும்தான் வேலை. நூல் குறைந்துபோனால் லேசாகத் தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டிக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிப்பதில் மனுஷன் புலி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலை ஓர் உருட்டு உருட்டி, "ஈரம்" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. இப்படிப்பட்டவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு டம்ளரைப் பார்ப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மனைவி ஸ்வர்ணலதா தவறி ஆறு வருஷம் ஆகிறது. மகள் காவ்யா கோயம்புத்தூரிலிருந்து வாரத்துக்கு ஒருதரம் போன் செய்து, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று சொன்னதும் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். மிச்ச நேரத்துக்கு இருக்கவே இருக்கிறது செல்போன். அதில்தான் ஒருநாள், ரிமோட்டில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலை யாரோ ஒரு வெள்ளைக்காரர் குளத்தில் விட்டுக் காட்டுவதைப் பார்த்தார். மறுநாளே நாலு அங்குல பி.வி.சி. பைப் வாங்கி வந்தார்.

வேலை பாதியில் நின்றபோது கைகொடுத்தது சுப்பராயலு. அதே கடைக்குப் பட்டு நெய்தவர், ஜீவானந்தத்திடம் முகம் கொடுத்துப் பேசிய ஒரே நெசவாளி. மேஜைமேல் பைப்பையும் ஒயரையும் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, பாம் கீம் செய்யறியா?" என்று கேட்டவர், விஷயம் தெரிந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய சிரிஞ்சு இரண்டை மோட்டாரோடு கோத்து, தண்ணீரை உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் செய்தது அவர்தான். இழுத்தால் கப்பல் மூழ்கும், தள்ளினால் மிதக்கும். இப்போது விற்கிற ரிமோட்டின் சிக்னல் தண்ணீருக்குள் நுழையாது என்று தெரிந்து, நீள ஆண்டெனா வைத்த பழைய ரிமோட்டை வேலூரில் தேடிப் பிடித்ததும் அவரே. முன்பக்கம் தட்டையாக, மீசை மாதிரி இரண்டு கம்பியோடு இருந்ததால் அதற்குக் கெளுத்தி என்று பேர் வைத்தார்கள்.

அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. கடைக்கும் லீவு. அதனால் மாதம் ஒரு அமாவாசை, கண்ணமங்கலம் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஏரியில் கெளுத்திக்கு வெள்ளோட்டம். பார்க்க விளையாட்டு மாதிரி இருந்தாலும் நுணுக்கமான வேலை அது. தண்ணீரில் விட்டால் உடம்பு முழுக்க அமுங்கி, மேலே கோபுரம் மட்டும் விரல் கனத்துக்குத் தெரிய வேண்டும். மூக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் ஈயத்துண்டைப் பின்னால் தள்ள வேண்டும், வால் இறங்கினால் முன்னால். பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் பேஜார்தான். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "கொஞ்சம் முன்ன", "இல்ல, பின்ன" என்று மத்தியானம் வரைக்கும் சண்டை போடுவார்கள்.

அதெல்லாம் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு ஐப்பசியில் சுப்பராயலு கொண்டுவந்த பட்டை ஜீவானந்தம் ஈரம் என்று சொன்னார். சுப்பராயலு வேறு கடைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகும் ஜீவானந்தம் அமாவாசை தவறாமல் ஏரிக்குப் போனார். வேறு நாளில் போகலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் அமாவாசைக்குத்தான் போனார். கெளுத்தியை நன்றாக ஓடவைத்துவிட்டால், வந்து பார் என்று சொல்லும் சாக்கில் சுப்பராயலு வீட்டுப் படியேறலாம். சும்மா போய் நிற்க அவருக்கு முகம் இல்லை. அந்த ஒரு சாக்குக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கெளுத்தியோ ஒத்துழைக்க மறுத்தது. காலையில் சரியாக நிற்கும், இருபது நிமிஷம் ஓடியதும் கேட்காமலே அடிக்குப் போய்விடும். கயிறு கட்டியிருந்ததால் பிழைத்தது. முதல் மாதம் ரிமோட்டைச் சந்தேகப்பட்டு ஆண்டெனா ஒயரை மாற்றினார். அடுத்த மாதம் சிரிஞ்சைச் சந்தேகப்பட்டார். கை வேலைதானே, எங்கேயோ கசிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே சுப்பராயலு கோத்ததைப் பிரித்தெறிந்துவிட்டுப் புதிதாக வாங்கிப் போட்டார். அப்போதும் மூழ்கியது. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து மூலை முடுக்கெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பார். பேட்டரி ஆடாமல் இருக்க அவரே சுற்றி அடைத்திருந்த கழிவுப் பட்டையும் உருட்டிப் பார்ப்பார். ஒரு பொட்டு ஈரம் இருக்காது. அவர் விரலுக்குத் தெரியாத ஈரமா?

இப்படியே இரண்டு வருஷம் ஓட, ஓர் அமாவாசையன்று பொறுக்காமல் கடையைத் திறந்து, ஏரிக்குப் போகுமுன் கெளுத்தியைத் தராசில் வைத்தார். திரும்பி வந்து நன்றாகத் துடைத்து மறுபடி வைத்தார். முப்பத்தெட்டு கிராம் கூடியிருந்தது. உள்ளே இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தார். பேட்டரி அதே எடை, மோட்டார் அதே எடை. கழிவுப் பட்டு மட்டும், அடைக்கும்போது நூற்று இருபத்து நாலு கிராம் இருந்தது, இப்போது நூற்று அறுபத்திரண்டு. எடுத்து உருட்டினார். காய்ந்த பட்டு என்றுதான் விரல் சொன்னது. மூடியின் ரப்பர் வளையத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அடைத்த பட்டிலிருந்து ஒரே ஒரு இழை வெளியே வந்து வளையத்தின் குறுக்கே கிடந்தது. அந்த வழியாகத் தண்ணீர் ஊறி ஊறி உள்ளே வர, வந்ததை எல்லாம் பட்டு சத்தமில்லாமல் குடித்துவிட்டிருந்தது.

ஜீவானந்தத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த ஐப்பசியில் பத்து நாள் அடைமழை. சுப்பராயலுவின் பட்டு கணக்கைவிட நாற்பத்தைந்து கிராம் கூட இருந்தது. காற்றிலிருந்தே பட்டு ஈரம் இழுத்திருக்கிறது, உருட்டிப் பார்க்காமலே அது அவருக்குத் தெரியும். வேறு நெசவாளியாக இருந்திருந்தால், மழைக்காலம், இரண்டு நாள் போட்டு வைத்து அப்புறம் நிறுக்கலாம் என்று சொல்லியிருப்பார். அன்றைக்கு முதலாளி பக்கத்தில் நின்றார். பின்னால் ஐந்து நெசவாளிகள். கூட்டாளிக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று பயந்தார். "தொட்டுப் பாத்து சொல்லுய்யா" என்று மட்டும்தான் சுப்பராயலு கேட்டார். தொட்டுப் பார்த்துவிட்டும் ஜீவானந்தம் ஈரம் என்றுதான் சொன்னார்.

அமாவாசையன்று சாயங்காலமே, கெளுத்தியிலிருந்து எடுத்த பட்டை ஒரு கவரில் போட்டுக்கொண்டு கொசப்பாளையம் போனார். சுப்பராயலுவின் மனைவி பொன்னம்மாள் கதவைத் திறந்துவிட்டு, நேராகக் காபி போடப் போனாள்.

"வாங்க சார், உக்காருங்க" என்றார் சுப்பராயலு.

வாய்யா என்று கூப்பிட்டுத் திட்டியிருந்தாலும் தாங்கியிருக்கலாம். இந்த 'வாங்க சார்' ஜீவானந்தத்தை நாற்காலியின் நுனியிலேயே உட்கார வைத்தது.

"கெளுத்தி தண்ணி குடிச்சிகினு இருந்திச்சி. உள்ள வெச்ச பட்டு எல்லாத்தையும் இஸ்துக்கிச்சி. தொட்டா காஞ்சாப்பல கீது. நீயே பாரேன்."

சுப்பராயலு வாங்கி உருட்டிப் பார்த்தார். "ஆமாங்க. பட்டு அப்படித்தான்."

"அன்னிக்கு நீ தண்ணி தெளிக்கல."

"இல்லீங்க."

"எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். நாலு பேரு பாத்துகினு இருந்தாங்க, அதான்..."

சொல்லி முடித்ததும் ஜீவானந்தம் நாற்காலியில் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லிவிட்டோம், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நிமிர்ந்து பார்த்தார்.

சுப்பராயலு பட்டை மெதுவாக மடித்துக் கவருக்குள் வைத்தார். "ரெண்டு வருசமா இவ உங்கள திட்டாத நாளில்லீங்க. நான்தான் சொல்லிகினு இருந்தேன். அவரு வேணும்னு சொல்லலடி, வெரலு ஏமாத்திடுச்சி, மனுசனுக்குத் தப்பு வராதா, என்னிக்காவது தெரிஞ்சா அவரே வருவாருன்னு." கவரை ஜீவானந்தத்தின் பக்கம் நகர்த்தினார். "தெரிஞ்சே சொன்னீங்களா சார்?"

காபி வந்தது. ஜீவானந்தம் குடித்தார். அதில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. போய்ட்டு வரேன் என்று எழுந்தபோது சுப்பராயலுவும் எழுந்து, விருந்தாளியை அனுப்பிவைக்கிற மாதிரி தெருவரைக்கும் கூட வந்தார்.

"பாத்து போங்க சார்," என்றார்.