ஒரு இறக்கைக்கு இரண்டு எஞ்சின்

என் விமானப் பைத்தியத்தை மல்லசமுத்திரத்து எங்கள் வீட்டில் மதித்தவர் எவருமில்லை. தலைக்கு மேல் போவதை மூக்கு, வால், இறக்கை நுனி பார்த்தே இன்ன ரகம் என்று சொல்லிவிடுவேன். "இது சோத்துக்கு ஆவுமா?" என்று அம்மா மொட்டைமாடிக்கே வந்து திட்டுவாள். மகன் விமானத்தில் சிங்கப்பூர் போய்வந்தால் பெருமை. மகள் அண்ணாந்து பார்த்தால் கேவலம்.

அப்பா செத்த அன்றைக்குத்தான் என் விமானப் படிப்பு அம்மாவுக்குத் தேவைப்பட்டது.

அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, கொள்ளி வைக்க, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்காகக் காத்திருந்தோம். மத்தியானம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. விமான சன்னல், இறக்கை, கீழே மேகம். 'வந்துட்டிருக்கேன், பொழுதோட திருச்சியில இறங்கிருவேன்' என்று எழுதியிருந்தான். அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"உங்கண்ணன் வாரது எந்தப் பிளேனுன்னு பாரு சாமி. நீதான் கரெக்டாச் சொல்லுவியே."

பார்த்தேன். ஒரு இறக்கைக்கு அடியில் இரண்டு எஞ்சின். அப்படியென்றால் மொத்தம் நான்கு, மாடி வைத்த பெரிய விமானம். அது திருச்சிக்கு வருவதே இல்லை. அங்கே வருகிற சின்ன விமானங்களுக்கு இறக்கைக்கு ஒரு எஞ்சின்தான். எப்போதோ ஊர் சுற்றப் போனபோது எடுத்த படம். "இது நாலு எஞ்சினு பிளேனும்மா, திருச்சிக்கு வாரதெல்லாம் ரெண்டு எஞ்சினுதான்" என்றேன்; அவள் நம்பவில்லை.

அங்கேயே அவனை அழைத்தேன். வேண்டுமென்றேதான் ஸ்பீக்கரில் போட்டேன். பறந்துகொண்டிருக்க வேண்டியவன் உடனே எடுத்தான்.

"லீவு கெடைக்கல. அம்மாகிட்ட பிளைட்டு ரிப்பேராயி பாதியில எறக்கிட்டாங்கன்னு சொல்லிரு," என்றான். வாசலில் உட்கார்ந்திருந்த சனம் முழுக்கக் கேட்டது.

அம்மா என்னைத்தான் அறைந்தாள். "எம்பையன் மானத்தக் கப்பல்ல ஏத்திப்போட்டியேடி, வவுத்தெரிச்சல் புடிச்சவளே!"

"அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கிறேன்" என்றேன்.

"எவன் வேணும்னாலும் வெக்கட்டும், நீ வெக்கப்படாது" என்றாள். அப்பாவோடு வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த பங்காளி வந்து வைத்தார்.

மறுநாள் ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். வாசலில் அம்மாவும் நானும்தான். மேலே சத்தம் கேட்டது. அம்மா நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். கருமாதிக்காவது வந்துவிடுவான் என்ற ஆசை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அதுக்கு எத்தன எஞ்சினு, சாமி?"

எனக்குக் கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மேலே போனதற்கு இரண்டுதான்.

"நாலு" என்றேன்.