சொரசொரக் கைக்காரி

என் தங்கையைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததே இல்லை. கூடப் பிறந்தவள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன், அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்தான். யாராவது அவள் காலை மிதித்தால், காலை அங்கே வைத்ததற்கு இவள் மன்னிப்புக் கேட்பாள்.

அவளுடைய இரண்டு மேற்கைகளிலும், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், ரவையைத் தூவிவிட்டது போலப் பொடிப்பொடியாகப் புடைப்புகள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே இருக்கின்றன. அரிக்காது, வலிக்காது, சீழ் வைக்காது. தொட்டால் சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான். அதற்குப் போய்க் கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. இந்தக் கையை எவன் பார்ப்பான் என்று கல்யாணமே வேண்டாமென்றுவிட்டாள். எத்தனை திட்டியிருப்பேன்! செவிடன் காதில் சங்குதான்.

நாங்கள் இருவரும் ஒரே குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தோம். எனக்கு அடுப்படி, அவளுக்குக் குளியலறை. அந்த ஓர் இடத்தில்தான் அவள் கையை மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது. குழந்தையின் தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, உடம்பை முன்கையில் கிடத்தி, அடுத்த கையால் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். சட்டைக் கை நனைந்தால் அந்த ஈரம் குழந்தையின் மேல் பட்டு நடுக்கும். அதனால் தோள்வரை சுருட்டிவிடுவாள். வீட்டில் வாயே திறக்காதவள், அங்கே குழந்தைகளோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். அந்த அறையைப் பிடுங்கிவிட்டால் அவளுக்கென்று வேறெதுவும் இல்லை.

பிடுங்க வந்தாள் ஒருத்தி. கார்க்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தோம். சாவியை விரலில் சுழற்றாமல் பேச வராது. ஒரு நாள் மகனை அழைத்துப்போகச் சீக்கிரமே வந்தவள் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஐயையோ, என்ன கை இது? எம் பையன் கன்னத்துல பொரிபொரியா வந்திருக்கே, எங்கேருந்து வந்துச்சுன்னு மண்டையப் பிச்சிக்கிட்டு இருக்கேன். இவகிட்டேருந்துதான் ஒட்டியிருக்கு!”

வாசலில் நின்ற அம்மாக்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள். காப்பகத்தை நடத்தும் மேடம் ஓடி வந்தாள்.

“டாக்டர்கிட்ட காட்டு. ஒட்டாதுன்னு அவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் குழந்தைங்களைத் தொடாத. போய்த் துணி துவை.”

“சரிங்க மேடம்” என்றாள் தங்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் டாக்டரிடம் போகக் கிளம்பினால், மகராசி சட்டைக் கையைத் தூக்கவே விடவில்லை. பிடித்து இழுத்துத் தூக்கினேன். மேற்கை முழுக்க ரத்தக் கீறல். பாதம் தேய்க்கிற கல்லை வைத்துத் தேய்த்திருக்கிறாள்.

“அடிப்பாவி, என்னடி பண்ணி வச்சிருக்க?”

“டாக்டர் பாக்கறப்போ கொஞ்சம் சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்க்கா.”

தலையில் அடித்துக்கொண்டே கூட்டிப்போனேன். “இந்தப் புண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது? ஆறினதும் வாங்க” என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். காப்பகத்திலோ, அதுவரை நம்பாதவர்களும், துணி துவைக்கச் சட்டைக் கையைச் சுருட்டியபோது அந்தச் சிவப்பைப் பார்த்து நம்பிவிட்டார்கள். துணி துவைக்கக்கூட வேண்டாம், வீட்டிலேயே இரு என்றாள் மேடம்.

புண் ஆறிய பிறகு டாக்டரம்மா விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். மயிர்க்கால்களில் தோல் அடைத்துக்கொள்வதாம். நோயே இல்லையாம். யாருக்கும் ஒட்டாது, பரம்பரையாக வருமாம்.

“இதுக்குப் பயப்படவே வேண்டாம். ஆனா தேய்க்காதீங்க, தேய்க்கத் தேய்க்க மோசமாகும். வெதுவெதுப்பான தண்ணில குளிங்க, ஈரம் காயறதுக்குள்ள இந்த க்ரீமைப் பூசுங்க. கொஞ்சம் வழவழப்பாகும், முழுசாப் போகாது. போகலைன்னா ஒண்ணும் குடிமுழுகிடாது.”

அவளை இழுத்துக்கொண்டு நேராகக் காப்பகத்துக்குப் போனேன். வாசலில் கார்க்காரி, மகனை இடுப்பில் வைத்தபடி நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன், உடற்பயிற்சி முடித்து வந்தவன், கையில்லாத பனியனில். அவன் மேற்கையைப் பார்த்தேன். என் தங்கை கையில் இருக்கிற அதே பொடிப்புடைப்பு!

“மேடம், இங்க வாங்க! இது பரம்பரையா வர்றதாம், டாக்டரே சொல்லிட்டாங்க. பையனுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு இந்தாளு கையப் பாருங்க!”

“அது ஆம்பளைக் கை. அப்படித்தான் இருக்கும்” என்றாள் கார்க்காரி, கொஞ்சமும் கூசாமல்.

நான் அடுத்த வசவை எடுப்பதற்குள் தங்கை என்னைத் தாண்டி முன்னால் போனாள். அந்த ஆளை அவள் பார்க்கவே இல்லை. பையனின் கன்னத்தையே பார்த்தாள். தோல் உரிந்து செக்கச்செவேலென்று கிடந்தது.

“இதை எதால தேய்ச்சீங்க?”

“நார் போட்டுத்தான். உன் அழுக்கு போக வேண்டாமா?”

“அறிவிருக்கா உங்களுக்கு? பச்சைக் குழந்தை! இன்னொரு தடவை இவன் மேல நாரை வச்சீங்க, கையை ஒடிச்சிடுவேன்!”

என் தங்கைதான். நானே ஓரடி பின்னால் போய்விட்டேன். மேடம்தான் நடுவில் புகுந்தாள்.

“சரி சரி, ஒட்டாதுன்னா சந்தோஷம். நாளையிலேருந்து நீயே குளிப்பாட்டு. ஆனா முழுக்கைய இறக்கிவிட்டுக்கிட்டு வேலை செய். பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு.”

“நனைஞ்ச துணி குழந்தை மேல படும் மேடம்.”

“பட்டாப் படட்டும். இஷ்டம்னா வா, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“பாத்துக்குங்க” என்றாள் தங்கை.

அந்தக் குளியலறையும் போயிற்று. நானும் அன்றைக்கே கரண்டியைக் கடாசிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவள் அழுதாள். நான் மேடத்தின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே அழுதேன்.

இப்போது பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறாள். கதவு திறந்ததும், பெயர்கூடச் சொல்லாமல், முதலில் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி நீட்டுவாள்.

“இதான் என் கை. யாருக்கும் ஒட்டாது. தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க, உள்ள வரவா?”

தொட்டுப் பார்க்காமலே கதவைச் சாத்தியவர்கள் உண்டு. அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். சாத்திய வீடுகள் எவையெவை என்று எனக்குத் தெரியும். அவள் மறந்துவிடுவாள், நான் மறக்க மாட்டேன்.