வெளியே போன நேரம்

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நானும் அதைச் சொல்லி ஊரையே கேலி செய்துகொண்டு திரிந்தவன்தான். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைக் கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். கண்ணும் காதும் மூக்கும் வைத்து எதையும் சொல்லப் போவதில்லை.

1974. புதுவாயலைத் தாண்டி கும்மிடிப்பூண்டி போகும் வழியில் ஓர் இரும்புத் தொழிற்சாலை. அங்கே நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறை நிறைய இரும்பு அலமாரிகள். 'நம்ம பராசரன் ஏசி ரூமில் உட்கார்ந்து நாடா சுத்தறானாம்' என்று திருவள்ளூரில் என் உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். உண்மையும் அதுதான். கணக்கெல்லாம் பெரிய காந்த நாடாச் சுருள்களில் இருக்கும். சுருளின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினால்தான் மெஷின் அதில் எழுதும். வளையம் இல்லையென்றால் படிக்க மட்டும் செய்யும். ஆகவே முக்கியமான சுருளில் வளையமே இருக்கக் கூடாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சுருள் பெட்டிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தோம். கணக்கு விவரங்களைக் கார்டுகளில் துளையாகப் போடும் பூமாவுக்குச் சுருள்கள் மூளியாகத் தெரிந்திருக்கின்றன. யாரையும் கேட்காமல் சுருளுக்கொரு வளையத்தை மாட்டி அலங்காரம் செய்துவிட்டாள். மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் வேலை தொடங்குகிறேன் பேர்வழி என்று, படிக்க வேண்டிய சுருளையும் எழுத வேண்டிய சுருளையும் நான் இடம் மாற்றி மாட்டினேன். வளையம் இல்லாதிருந்தால் மெஷின் எழுத மறுத்திருக்கும். இப்போது சமர்த்தாக எழுதிவிட்டது. மாலை ஐந்தரைக்குப் பார்த்தால் மொத்தக் கணக்கும் துடைத்த சிலேட்டு.

அழிந்தது ஒப்பந்தத் தொழிலாளர்களின் வருகைக் கணக்கு. இரண்டு மாத வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒரு சமரசம் வந்திருந்தது. இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தவர்களுக்கு வேலை நிரந்தரம். பட்டியல் மறுநாள் காலை எட்டு மணிக்கு லேபர் ஆபீசர் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிர்வாகம் கையை விரித்துவிடும். நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள்.

"பாக்க மூளியா இருந்தது சார். அதான் மாட்டினேன்" என்று பூமா அழுதாள்.

"சரி, ஆத்துக்குப் போம்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஒரு வழி இருந்தது. போன மாதச் சுருள் பத்திரமாக இருந்தது. அதற்கு 'அப்பா' என்று பெயர். அழிந்துபோனது 'பிள்ளை'. அப்பாவோடு இந்த மாதக் கார்டுகளைச் சேர்த்து ஓட்டினால் பிள்ளை மறுபடி பிறந்துவிடும். கார்டுகளை வரிசைப்படுத்தவே இரவு பத்தேமுக்கால் ஆகிவிட்டது.

வாட்ச்மேன் தானியேல் எட்டிப் பார்த்தார். அவரும் ஒப்பந்த ஆள்தான்.

"இன்னா சார், ஊட்டுக்குப் போவலியா?"

"கொஞ்சம் வேலை இருக்கு."

"என் பேரும் அதுல கீதில்ல சார்?"

"இருக்கும். போங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

11.20. கார்டுகள் பாதி ஓடியிருக்கும். விளக்கு அணைந்தது. ஏசி நின்றது. கரண்ட் கட்!

போச்சு என்று தலையில் கை வைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன்...

நாடா சுற்றிக்கொண்டிருந்தது.

கார்டு படிக்கும் மெஷினில் இருந்த சின்னப் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாமல் எப்படி? தானியேலைக் கூப்பிடலாம் என்று எழுந்தேன். ஜன்னல் இல்லாத அறை. ஒரே கதவு. அதற்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. தள்ளினால் திறக்கும்.

தள்ளினேன். அசையவில்லை.

தோளால் இடித்தேன். சுவரை இடிப்பது போல இருந்தது.

"தானியேல்! தானியேல்!"

பதில் இல்லை. என் குரல் அறையைத் தாண்டவே இல்லை என்று தோன்றியது.

டக்.

கீழே இருந்து வந்தது. அந்த அறைக்குப் பலகைத் தரை. ஒயர்கள் போவதற்காக அடியில் ஓர் அடி இடைவெளி உண்டு. எலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

டக்... டக்... டக்.

எலி இப்படி நிதானமாகத் தட்டாது.

காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன். காற்று கனத்தது. ஈர மண் வாசனை. புதிதாகத் தோண்டிய மண். மூச்சு முட்டியது.

டக். டக். டக். டக்.

வேகமாக... நேராக என் நாற்காலிக்கு அடியில்.

வீரராகவா என்று முணுமுணுத்தபடி, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், ஒரு கட்டுக் கார்டை எடுத்து மெஷினில் வைத்தேன்.

சத்தம் நின்றது.

கார்டு தீர்ந்தது.

டக்!

அடுத்த கட்டை வைத்தேன். நின்றது.

புரிந்துவிட்டது. வேலை முடியாமல் என்னை வெளியே விடாது.

இருட்டில் தடவித் தடவிக் கார்டுகளை வைத்தேன். அழுதேன். வெட்கப்படவில்லை.

3.55. கடைசிக் கட்டு.

பிரிண்டர் தானாக ஓடியது. நின்றது.

கதவு... மெல்லத் திறந்தது.

பட்டியலை வாரிக்கொண்டு ஓடினேன். வாசல் கேட்டில் தானியேல் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ கத்தினேன்! காதுல விழலியா?"

"இல்லியே சார். ரெண்டு வாட்டி வந்து பாத்தேன். கதவு தொறந்துதான் இருந்திச்சு. உள்ள நீங்க இல்ல. ஊட்டுக்குப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன்."

பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணிக்கு லேபர் ஆபீசர் பட்டியலைக் கேட்டில் நின்று வாசித்தார். அதிக நாள் வேலை பார்த்தவர் பெயர் முதலில். 'தேசப்பன்' என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மற்ற நூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். தானியேலும் வந்தார். எல்லோருக்கும் வேலை நிரந்தரம். சந்தோஷத்தில் ஒரே கூச்சல். தானியேல் மட்டும் என்னைத் தனியாக இழுத்துப் போனார். அவர் உதடு வெளுத்திருந்தது.

"அந்தப் பேரு எப்டி சார் வந்திச்சு?"

"ஏன், யாரது?"

"ஆரம்பாக்கத்துக்காரன். உங்க ரூமுக்குக் கடைக்கால் தோண்டுனப்போ என்னோட வேலை செஞ்சான். மத்தியானம் பள்ளம் சரிஞ்சுது. நாங்கல்லாம் ஏறி ஓடியாந்துட்டோம். அவன மட்டும் காணோம். ஊருக்கு ஓடிட்டான்னு மேஸ்திரி சொல்லிட்டான். சாயங்காலமே கான்கிரீட் கொட்டிட்டாங்க."

"ஊருக்குப் போனானா?"

"போவல சார்."

அது 1973 மார்ச். கம்ப்யூட்டர் வந்தது அந்த வருஷம் டிசம்பரில். தேசப்பனுக்கு யாரும் கார்டு போட்டிருக்கவே முடியாது. கார்டுகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். அவன் பெயரில் ஒன்றுகூட இல்லை. சுருளில் மட்டும் இருந்தது. உள்ளே வந்தது 14 மார்ச் 1973, காலை 7.00. வெளியே போன நேரம் காலி. வெளியே போகாதவனை மெஷின் ஒவ்வொரு நாளும் உள்ளே இருப்பதாகத்தான் எண்ணும். அவன் கணக்கில் 590 நாள்.

தரையைத் தோண்டிப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். மெஷினின் தவறு, பெயரை எடுத்துவிடு என்று பதில் வந்தது. அழித்தேன். பூமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு முறை சரிபார்த்து அழித்தேன்.

அடுத்த மாதப் பட்டியலிலும் முதல் பெயர் தேசப்பன். 620 நாள்.