‘மொட்டை’ இணைந்தது

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் நடந்தது நடந்ததுதான். படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தவர்கள்கூடத் திருப்பிக் கொடுக்கும்போது சிரிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, ஒற்றை விளக்கு என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், சாப்பிட்டது செரிக்காமல் கண்ணைச் சொருகும் மத்தியான நேரத்தில்.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். பழைய பம்ப் ஹவுஸ்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் சோதித்துக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனம். எங்கே விரிசல், எங்கே கம்பி துருப்பிடித்திருக்கிறது, எங்கே கசிகிறது என்று ஒவ்வொன்றையும் படமெடுக்க வேண்டும். படம் மட்டும் போதாது. எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் பொறியாளர் தொடக்கூட மாட்டார். “இடம் இல்லாத படம் எனக்கு வேணாம். இது யார் வீட்டுச் சுவரோ, எவன் கண்டான்?” என்பார்.

எங்கள் கேமராவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. செல்போனுக்குத் தெரியும். இரண்டையும் ப்ளூடூத்தில் இணைத்துவிட்டால், போன் இடத்தைச் சொல்லும், கேமரா அதை ஒவ்வொரு படத்திலும் பதிந்துகொள்ளும். போன் பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இணைந்திருந்தால் கேமராத் திரையின் மூலையில் ஒரு சிறு குறி அசையாமல் நிற்கும். இணையாவிட்டால் விட்டுவிட்டுக் கண்ணடிக்கும். போனிலிருந்தே கேமராவின் பொத்தானை அழுத்தவும் முடியும். கேமராவைக் கம்பில் கட்டி உயரத்துக்கு நீட்டும்போது அதுதான் எங்களுக்கு வழி.

உண்மையில் இது என் வேலை இல்லை. என் அத்தானின் வேலை. அக்காவின் கணவர்.

அத்தான் காணாமல் போய் அப்போது எட்டு மாதம். ஒருநாள் காலையில் ஆபீசுக்கு வந்தார். கேமராவை மேஜையில் வைத்து சார்ஜ் போட்டார். “ஒரு இடத்தைப் பாத்துட்டு வந்துடறேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எந்த இடத்துக்கும் முதல் தடவை கேமரா இல்லாமல்தான் போவார். வெளிச்சம் எந்தப் பக்கம், கதவு திறக்குமா, ஏணி தாங்குமா என்று பார்த்துவிட்டு வந்து, மறுநாள் கேமராவோடு போவார். அந்த மறுநாள் வரவே இல்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் பஸ் நிலையத்தில் நின்றது. போனைக் கூப்பிட்டால் தொடர்பே கிடைக்கவில்லை. அந்த மாதப் பட்டியலில் இருந்த இடங்களையெல்லாம் போலீஸ் போய்ப் பார்த்தது. ஒன்றும் இல்லை.

பஸ் ஏறிப் போன ஆம்பளை என்றால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? கூடவே ஒரு பெண்ணையும் அவர்களாகவே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அக்காவின் காதுபடவே பேசினார்கள். அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. என்னிடம் மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்பாள்.

“ஏன்டா தம்பி, நிஜமாவே என்னை விட்டுட்டுப் போயிட்டாரா?”

“சும்மா இரு அக்கா” என்பேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? எட்டு மாதமும் இதே கேள்வி, இதே பதில். அழுகையெல்லாம் முதல் இரண்டு மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. அப்புறம் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. காப்பியில் சர்க்கரை இல்லையென்றால் இல்லாமலே குடித்துவிட்டு எழுந்து போனோம்.

நிறுவனம் எனக்கு அத்தானின் வேலையைக் கொடுத்தது. கேமராவையும் கொடுத்தது. வீட்டில் வைத்து என் போனை அதில் சேர்க்கும்போது பார்த்தேன், பட்டியலில் ஏற்கெனவே ஒரு போனின் பெயர் இருந்தது.

மொட்டை.

அத்தானுக்கு முப்பத்தைந்து வயதிலேயே தலை பளபளத்துவிட்டது. அக்கா கேலி செய்வதற்குள் தானே முந்திக்கொண்டு தன் போனுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். புதுப் போனைச் சேர்க்கும்போது பழையதை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். இல்லாவிட்டால் எந்தப் போன் முதலில் பதில் சொல்கிறதோ அதோடு கேமரா ஒட்டிக்கொள்ளும். அழிக்கப் போனேன். அக்கா பார்த்துவிட்டாள்.

“அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கென்ன இடைஞ்சல்?”

விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் போன இடம் ஒரு பழைய பம்ப் ஹவுஸ். சுற்றிலும் வீடுகள், பின்னால் ஒரு பள்ளிக்கூட மதில். மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. கேட்டுக்குப் பக்கத்து அறையில் காவலாளி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். என் போனில் சார்ஜ் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. அவர் அறையில் செருகிவிட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். அந்த அறைக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு வெட்டவெளி. போன் எட்டாது. படங்களில் இடம் பதியாது. பரவாயில்லை, சாயந்திரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கையால் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உள்ளே ஒரே கூடம். மேலே புழுதி படிந்த கண்ணாடிகள். மோட்டார் இருந்த இடங்களில் தரையிலிருந்து போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சுவர் ஓரமாகப் படமெடுத்துக்கொண்டே போனேன். திரையின் மூலையில் குறி கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

கூடத்தின் கடைசி மூலைக்கு வந்தேன். ஒரு விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோலைப் பிடித்தபடி திரையைப் பார்த்தேன்.

குறி கண்ணடிக்கவில்லை.

அசையாமல் நின்றது.

காவலாளி என் போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. வந்த வழியில் என் செருப்புத் தடம் மட்டும் புழுதியில் இருந்தது. வெளியே ரேடியோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மெனுவைத் திறந்தேன்.

மொட்டை – இணைந்தது.

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை.

பயம் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் ஈறு மரத்துப் போகுமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அதை நினைத்துத்தான் இன்றைக்குப் பயப்படுகிறேன். அப்போது என் மூளை கணக்கு மட்டும் போட்டது. ப்ளூடூத். பத்து மீட்டர். அந்தப் போன் இந்தக் கூடத்துக்குள்தான் இருக்க வேண்டும். மூலையைப் பார்த்தேன். சுவர். தரை. வேறொன்றும் இல்லை.

“அத்தான்?”

என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

“அத்தான்... நீங்களா?”

வெளியே ரேடியோ நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

கேமராவைக் கையிலிருந்து விட்டுவிட்டேன். அது கழுத்துப் பட்டையில் தொங்கியது. ஒரு கையில் அளவுகோல். இன்னொரு கை சுவரில்.

க்ளிக்.

நான் தொடவில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்...

க்ளிக்.

நெஞ்சில் அதன் சிறு அதிர்வு தெரிந்தது.

க்ளிக்.

அப்புறம் குறி மறுபடி கண்ணடிக்க ஆரம்பித்தது.

எப்படி வெளியே வந்தேன் என்பது நினைவில் இல்லை. ஓடவில்லை, அது மட்டும் தெரியும். காவலாளியின் அறை வாசலில் நின்றேன். என் போன் செருகிய இடத்திலேயே இருந்தது.

“உள்ள வேற யாராவது வந்தாங்களா?”

“நீங்கதான் போனீங்க. வேற யாரு வருவா?” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

ஆபீசுக்குப் போய்ப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நான் எடுத்தவை ஒன்றிலும் இடம் இல்லை. தானாக விழுந்த மூன்றில் மட்டும் இருந்தது. மூன்றும் 3.12க்கு எடுத்தவை. என் செருப்பும் தரையும் ஆடிப்போய்த் தெரிந்தன. இடத்தை அழுத்தியதும் வரைபடம் விரிந்தது. புள்ளி அந்தப் பம்ப் ஹவுஸில் இல்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வீடே இல்லாத ஒரு மேட்டில் நின்றது.

பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எப்படிக் கிடைத்தது என்று சொல்லவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இங்க ஒரு பழைய தரைத்தொட்டி இருக்கு. உங்க அத்தான் காணாமப் போனாரே, அதுக்கு அடுத்த மாச லிஸ்ட்ல இருந்துச்சு. அப்புறம் அந்த வேலையையே ரத்து பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாருமே போகல.”

“வண்டி போகுமா?”

“ரோடு மோசம். பஸ்லதான் போகணும்.”

பஸ் நிலையத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் எனக்கு நினைவுக்கு வந்தது. பிறகு அவர்தான் போலீசுக்குப் போன் செய்தார்.

மறுநாள் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். தொட்டியின் மேல்வாயில் ஏணியின் முதல் இரண்டு படிகள் மட்டும் இருந்தன. மற்றவை துருப்பிடித்து முறிந்து கீழே கிடந்தன. தொட்டியில் தண்ணீர் இல்லை. எட்டு மாதமாக அத்தான் அங்கேதான் இருந்திருக்கிறார். அவருடைய செருப்பைக் காட்டிக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். போனை ஒரு பையில் போட்டு ஒட்டினார்கள். அது கையிலேயே இருந்ததாம்.

கால் எலும்பு முறிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். விழுந்த உடனே உயிர் போயிருக்காது, ஒரு நாளாவது இருந்திருப்பார் என்றும் சொன்னார். அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

“விழுந்ததுமே போயிட்டாராம்கா. வலியே தெரிஞ்சிருக்காதாம்.”

அவள் என்னையே பார்த்தாள்.

“அப்ப விட்டுட்டுப் போகல.”

“இல்லக்கா.”

தலையை ஆட்டினாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. காரியங்களைப் பார்த்தேன், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். கேமராவைத் திருப்பிக் கொடுக்கக்கூட மனம் வராமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இனிமேல் அந்த வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால், ஏதோ எந்திரக் கோளாறு என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன்.

மூன்று வாரம் கழித்துப் போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு. செல்போன்களைப் பிரித்து உள்ளே இருப்பதைப் படிக்கும் ஓர் அம்மா அங்கே இருந்தார். நல்ல மாதிரியான பெண்மணி. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மெதுவாகத்தான் பேசினார்.

“விழுந்தப்புறம் நிறைய தடவை கூப்பிடப் பாத்திருக்காரு. சிக்னல் இல்ல, எதுவும் போகல. மறுநாள் கேமரா ஆப்பைத் திறந்திருக்காரு. படம் எடுக்குற பட்டனை நாலு தடவை அழுத்தியிருக்காரு. ஏன்னு எங்களுக்குப் புரியல. கேமரா அன்னைக்கு ஆபீஸ் மேஜையிலதானே இருந்துச்சு?”

“மூணு தடவை” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

“இல்லங்க, நாலு. மத்தியானம் 3.12க்கு மூணு. ராத்திரி 7.40க்கு ஒண்ணு. அதோட போன் அணைஞ்சிருச்சு.”

அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்தார்.

“அந்தக் கடைசித் தடவை மட்டும் படம் போனுக்கு வந்திருக்கு. அழுத்தினா எடுத்த படம் திரையில வந்து நிக்கும் இல்லையா, அது. ஒரு அம்மா முகம். அதைக் காட்டத்தான் உங்களைக் கூப்பிட்டேன். யாருன்னு தெரியுதா?”

கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

அக்கா.

மிகப் பக்கத்தில், கீழிருந்து எடுத்த படம். கையில் ஒரு மஞ்சள் துணி. குனிந்து, நேராக லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் கீழே எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. இரவு 7.40.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். கேமராவின் கார்டில், அந்த மூன்று படங்களுக்கு அடுத்து, நான் பார்க்காத நான்காவது படம் இருந்தது. அதே முகம். அதே துணி. நேரம் 7.40. தேதி மட்டும் நான் பம்ப் ஹவுஸுக்குப் போன நாள். இடம், அந்தத் தொட்டி.

அக்கா சமையலறையில் இருந்தாள். வாசலில் நின்று கேட்டேன்.

“அக்கா, நான் கடைசியா வேலைக்குப் போன அன்னைக்கு ராத்திரி கேமராவை எடுத்தியா?”

“எடுத்தேனே. ஒரே புழுதியா இருந்துச்சுன்னு துடைச்சு வச்சேன். அப்போ தானா ஒரு சத்தம் வந்துச்சு. என் கைதான் பட்டுடுச்சுன்னு நினைச்சேன்.” அவள் முகம் சுருங்கியது. “ஏன்டா, கெட்டுப் போச்சா?”

“இல்லக்கா.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். போனில் இருந்த படத்தை அந்த அம்மா எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான்.

அத்தான் கிளம்பிப் போன அன்று அக்காவின் தலையில் ஒரு வெள்ளை முடிகூடக் கிடையாது. அவரைத் தேடிய எட்டு மாதத்தில்தான் அத்தனையும் வந்தது.

அவர் சாவதற்குமுன் பார்த்த படத்தில், அவளுக்கு முன்தலை முழுக்க நரைத்திருக்கிறது.