சாவி என்னிடம் இருந்த வீடு

எங்கள் தெருவில் ஐந்து வீடு தள்ளியிருந்த அக்காவும் அவருடைய கணவரும் குளிருக்குத் தப்பி இரண்டு மாதம் யாழ்ப்பாணம் போனபோது, வீட்டுச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரான கர்க்லாண்டில் இது வழக்கம்தான். பனிக்காலத்தில் ஆளில்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை யாராவது போய்ப் பார்க்காவிட்டால் காப்புறுதிக்காரர்கள் நட்டஈடு தராமல் கையை விரித்துவிடுவார்கள். நான் வந்து போவதற்குச் சாட்சியாகக் கையெழுத்து வைக்க, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அக்கா ஒரு தாள் ஒட்டியிருந்தார்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, பெரிய நெருக்கம் ஒன்றும் இல்லை. தெருவில் கண்டால் சிரிப்போம். தைப்பொங்கலுக்கு ஒரு கிண்ணம் போகும், ஒரு கிண்ணம் வரும். நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததால்தான் என்னைக் கேட்டார். ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதுகுவலி என்று சொல்லியிருப்பேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

முதுகுக்கு ஒரு கேடும் இல்லை. அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில், நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கையில் நெஞ்சு இறுகி, கை விறைத்து, இதோ சாகிறேன் என்று தோன்றியது. இரண்டு தடவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். இரண்டு தடவையும் இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

"உமக்கு ஒண்டுமில்லையெண்டு டொக்டரே சொல்லிப்போட்டார். பேந்தென்ன யோசனை?" என்றார் என் கணவர். அன்றுதான் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்த மனிதரிடம் போய், இல்லை, அது இன்றைக்கும் வந்தது, நேற்றும் வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அது வரும்போதெல்லாம் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

மகளைக் கார்தெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், விட்டுவிட்டுக் காலை ஒன்பது மணியளவில் அந்த வீட்டுக்குப் போவேன். முதல்நாள் கதவைத் திறந்ததும் ஒரு மாதிரி இருந்தது. சன்னல்களுக்கு வெளியே பனி, உள்ளே அதன் வெள்ளை வெளிச்சம். எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லை. மேசையில் இரண்டு கோப்பைகள் கவிழ்த்தபடி இருந்தன. நான் நடந்தால் தரை முனகியது, நின்றால் நின்றது. குழாய் பார்க்க பேஸ்மென்டுக்கு இறங்கினேன். மூன்றாவது படியில் நெஞ்சு இறுகிவிட்டது. அப்படியே உட்கார்ந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடுங்கினேன்.

அது போனபிறகு எனக்கு வந்த எண்ணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நல்ல இடம் என்று நினைத்தேன். தண்ணீரைத் திறந்துவிடத் தேவையில்லை. வாயைப் பொத்தத் தேவையில்லை. பார்க்க ஒரு குருவிகூட இல்லை. அதன்பிறகு என் முறை இல்லாத நாட்களிலும் போகத் தொடங்கினேன். அந்த நாட்களில் மட்டும் தாளில் கையெழுத்து வைக்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், படியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, கீழே இருட்டாகக் கிடந்த அறையில் விளக்கு எரிந்தது. நான் எந்த சுவிட்சையும் தொடவில்லை. சற்று நேரத்தில் சுவரோர ஹீட்டர் டிக்கென்று சத்தம் போட்டு, கால்மாட்டில் சூடு பரவியது. நான் எழுந்து மேலே வந்ததும் விளக்கு அணைந்தது.

ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற விளக்காக்கும் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். அடுத்த நாள் வேண்டுமென்றே படியில் ஏறி இறங்கிப் பார்த்தேன். கையை வீசினேன். நல்ல சுகத்தோடு பத்து நிமிடம் உட்கார்ந்தும் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. அதற்கு அடுத்த நாள் நெஞ்சு இறுகியது, எரிந்தது. எனக்கு அது வருகிற நேரத்தில் மட்டும் அந்த வீடு விழித்துக்கொண்டது.

பேய் பிசாசுக்குப் பயந்த ஆள் இல்லை நான். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. மண்டை கழன்றுவிட்டது, இல்லாததெல்லாம் தெரியத் தொடங்கிவிட்டது, இனிப் பிள்ளையை என்னிடம் விடமாட்டார்கள் என்று பயந்தேன். பயம் கூடக்கூட அது அடிக்கடி வந்தது. அதை மறைக்க எனக்கு வேறு இடமும் இல்லை. அதனால் விடாமல் போனேன்.

நான் அங்கே போன பதினோராவது காலை அது முன்னெப்போதும் இல்லாத மாதிரி வந்தது. கண் இருட்டியது. "ஐயோ, நான் சாகப்போறன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"சாகமாட்டீர் பிள்ளை," என்றது வீடு. "பயப்பிடாதையும். நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

சப்பாத்தைக்கூடப் போடாமல் வெறும் காலுறையோடு பனிக்குள் ஓடினேன். வீடு வந்து சேர்ந்தபிறகுதான் அது அக்காவின் குரல் என்று உறைத்தது. கைபேசியில் அவர் நான்கு தடவை அழைத்திருந்தார். நான் எடுக்கவில்லை. பயம் போய்க் கோபம் வந்திருந்தது. என் நடுக்கத்தை, நான் வாய் பிளந்து அழுததை, ஒருத்தி யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இரண்டு வாரமாக நாடகம் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறாள்!

இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கியது. குழாய் வெடித்தால் பழி என்மேல்தான் வரும். போனேன். படியில் நின்று மேலே தேடியபோது, அலமாரிக்கு மேல் உள்ளங்கையளவு கமரா ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருக்கிறியளோ?" என்றேன்.

"ஓம் பிள்ளை." அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் சட்டி பானைச் சத்தம் கேட்டது.

"வாசலிலை கமரா இருக்கெண்டு சொன்னியள். இதைச் சொல்லேல்லையே? உங்கடை வீட்டிலை நான் என்ன, களவெடுக்கவே வாறன்?"

"அது கள்ளனுக்குப் போட்டதில்லை," என்றார். "எனக்குப் போட்டது."

உடுப்புத் துவைக்கக் கீழே இறங்கினால் அவருக்கும் அந்தப் படியில்தான் வருமாம். ஒருநாள் மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டதாம். அதன்பிறகு அவருடைய கணவர் கமராவைப் பொருத்தி, வேலைத்தளத்தில் இருந்து பார்ப்பாராம். கதைத்தால் அக்காவுக்கு இன்னும் கூடும் என்பதால் கைபேசியாலேயே விளக்கைப் போட்டுவிடுவாராம். கண்டுவிட்டேன், நீர் தனிய இல்லை என்று அதற்கு அர்த்தமாம்.

"உம்மை முதல் நாளே கண்டிட்டன். கதைச்சா நீர் திரும்பி வரமாட்டீர் எண்டு பயம். அதுதான் லைட்டையும் ஹீட்டரையும் போட்டனான். பிழைதான். சொல்லியிருக்க வேணும்."

"எனக்கு விசராக்கும் எண்டு நினைச்சன், அக்கா."

"விசரில்லை. பதற்ற வருத்தம். மருந்திருக்கு, கதைக்கிறதுக்கு ஆள் இருக்கு. நான் இன்னும் போறனான். நம்பர் தாறன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்கடை வீட்டிலை ஆருக்குத் தெரியும்?"

கமராவுக்கு முன்னால் கையை விரித்தேன்.

"அவருக்குச் சொல்லும், பிள்ளை. நான் எவ்வளவு தூரத்திலை இருக்கிறன்."

"என்னெண்டு சொல்லுறது? ஒண்டுமில்லையெண்டு டொக்டரே சொல்லிப்போட்டார்."

அந்தப் பதிவுகள் எல்லாம் தன் கைபேசியில் இருப்பதாகவும், நான் சொன்னால் அந்த நிமிடமே அழித்துவிடுவதாகவும் அக்கா சொன்னார். அழியுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஒண்டை மட்டும் எனக்கு அனுப்புங்கோ," என்றேன்.

கணவர் அன்று வீட்டில் இருந்தபடி வேலை செய்தார். பதிவைப் போட்டு என் கைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினான்கு நிமிடப் பதிவு. மேலிருந்து பார்க்க, படியில் கிடந்த அந்தப் பெண் எனக்கே யாரோவாகத் தெரிந்தாள். பாதியிலேயே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திருப்பவில்லை, வேகமாக ஓட்டியும் பார்க்கவில்லை. முடிந்ததும் ஒரு இடத்துக்குத் திரும்பப் போய் நிறுத்தினார். அதில் நான் கைபேசியை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, திரும்பவும் பைக்குள் வைத்தேன்.

"இதிலை ஆருக்குப் போன் எடுக்க வெளிக்கிட்டனீர்?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான்," என்றேன்.